குழு நடத்துகிறவருக்கு ஒரு குழு

மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தை ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கோயில் திண்ணையிலோ அங்கன்வாடித் தாழ்வாரத்திலோ பாய் விரித்திருக்கும். பன்னிரண்டு பேரிலிருந்து இருபது பேர் வரை இருப்பார்கள். ஊக்குநர் பெயர் வாசிப்பார். எல்லோரும் சேமிப்புப் பணத்தை முன்னால் வைப்பார்கள். போன மாதம் தவணை கட்டாதவரிடம் ஏன் என்று கேள்வி வரும். மாடு செத்துப்போனது, பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஏதோ ஒரு பதில் வரும். அதைக் கேட்டு யாரும் திகைத்துப்போவதில்லை, தவணையை மறந்துவிடுவதும் இல்லை. என்ன செய்யலாம் என்று பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு சமையலுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போவார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒருவர் காத்திருப்பார். குழுப் பெண்கள் செய்யும் சிறுதானிய மாவையோ சணல் பையையோ நாப்கினையோ வாங்கி விற்கும் சின்ன நிறுவனத்தின் நிறுவனர். அவருக்கும் தவணை பாக்கி இருக்கிறது. பெரிய கடை ஒன்று மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. கூடவே இருந்த பங்குதாரர் பெங்களூரு வேலைக்குப் போய்விட்டார். குழுவுக்கு உள்ளே இருக்கும் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்ல ஒரு பாய் இருக்கிறது. வெளியே நிற்பவருக்கு இல்லை.

சமூகத் தொழில்முனைவோர் என்று நாம் கொண்டாடும் மனிதர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், வெற்றிக் கதைக்குப் பஞ்சமில்லை. விருது மேடைப் புகைப்படங்களும் ஏராளம். அந்த மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிறவர் இரவு பதினோரு மணிக்கு யாருக்கு போன் போடுகிறார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இரண்டு வீட்டிலும் விருந்தாளி

முதலில், இவர்கள் எந்தச் சாதியிலும் சேராதவர்கள். சட்டத்தைச் சொல்கிறேன். நம் நாட்டில் சமூகத் தொழில் நிறுவனத்துக்கு என்று தனிச் சட்ட வடிவம் கிடையாது. அறக்கட்டளையாகப் பதியலாம், சங்கமாகப் பதியலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில், லாபத்தைப் பங்கு பிரிக்க முடியாத கம்பெனியாகப் பதியலாம். 2003இலிருந்து உற்பத்தியாளர் கம்பெனி என்ற வழியும் இருக்கிறது. எதுவும் வேண்டாம் என்றால் சாதாரண பிரைவேட் லிமிடெட். நன்கொடை வாங்க ஒரு பலகை, வியாபாரம் செய்ய இன்னொரு பலகை என்று ஒரே வாசலில் இரண்டு மாட்டி வைத்திருப்பவர்களும் உண்டு.

தொண்டு நிறுவனக் கூட்டத்துக்குப் போனால், நீங்கள் வியாபாரி ஆயிற்றே என்று ஒரு பார்வை. சிறுதொழில் சங்கத்துக்குப் போனால், சேவை செய்கிறவருக்கு லாபக் கணக்கு எதற்கு என்று ஒரு சிரிப்பு. கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு 1969இலேயே கொடிசியா என்ற சிறுதொழில் சங்கம் வந்துவிட்டது. இரும்பு விலை ஏறினால் பேச ஆள் இருக்கிறது. கிராமத்துப் பெண்களிடம் மரச்செக்கு எண்ணெய் வாங்கி விற்கிறவர் அந்த நாற்காலியில் உட்காரலாம், யாரும் விரட்டப்போவதில்லை. ஆனால் அவருடைய பிரச்சினை அங்கே பேச்சில் வராது. சந்தை விலையை விட ஐந்து ரூபாய் அதிகம் கொடுத்து வாங்குவேன் என்று ஊரில் வாக்குக் கொடுத்துவிட்டேன், இந்த வருடம் அந்த ஐந்து ரூபாய் என்னிடம் இல்லை, ஊருக்கு எப்படிச் சொல்வது? இது சேவைக் கேள்வியா, வியாபாரக் கேள்வியா?

யாரிடம் சொல்லலாம் என்று ஒவ்வொருவராக எண்ணிப் பாருங்கள். பணம் கொடுத்தவரிடம் சொன்னால் அடுத்த தவணை நின்றுவிடும் என்ற பயம். ஊழியர்களிடம் சொன்னால் நாளைக் காலையே வேறு வேலை தேடுவார்கள். வீட்டில் சொன்னால், அப்போதே சொன்னேனே, பேங்க் எக்ஸாம் எழுதியிருக்கலாம் என்ற பழைய பாட்டு தொடங்கும். புது நிறுவனங்களை வளர்த்துவிடும் இன்குபேட்டரில் ஆலோசகர் ஒருவரை அமர்த்திக் கொடுத்திருப்பார்கள். அவர் நல்லவர், அனுபவசாலி. ஆனால் அவர் தோற்று இருபது வருடம் ஆகிறது. இந்த மாதம் தோற்றுக்கொண்டிருக்கிற இன்னொருவர்தான் இந்த மாதத்தைப் பற்றிப் பேசத் தோதானவர்.

கோவையும் மதுரையும்

அருணாசலம் முருகானந்தத்தின் கதை நமக்குத் தெரிந்ததுதான். 2016இல் பத்மஸ்ரீ வரை போன கதை. அதில் நான் திரும்பத் திரும்ப நின்றுவிடும் இடம் விருது அல்ல, நடுவில் கடந்த தனிமையான ஆண்டுகள். 1998இல் கல்யாணம். மனைவிக்காக மலிவான நாப்கின் செய்யத் தொடங்கியவரை, சோதனை முயற்சிகளைப் பார்த்த ஊர் பைத்தியம் என்றது. மனைவி பிரிந்து போனார், அம்மாவும் போனார். பெரிய கம்பெனிகள் நாப்கினுக்குள் வைப்பது பஞ்சு அல்ல, மரக்கூழ் நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. மில் முதலாளி என்று சொல்லிக்கொண்டு வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் மாதிரி வாங்கித்தான் அதைத் தெரிந்துகொண்டார். அதே தொழிலில் தோழர் ஒருவர் இருந்திருந்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லியிருப்பார். அப்படி ஒருவர் அப்போது நாட்டில் இல்லை. 2006இல் சென்னை ஐ.ஐ.டி.யில் அவருடைய இயந்திரத்துக்கு அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் காற்று திரும்பியது. மனைவியும் திரும்பி வந்தார்.

அவருடைய இயந்திரத்தை வாங்கி, மகளிர் குழுக்களைக் கொண்டு நாப்கின் செய்யத் தொடங்கிய பல பேருக்கு முருகானந்தத்துக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்தது. ஒரே இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற இன்னொருவர் எங்கேயோ இருந்தார்.

மதுரையில் வேறு கதை. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல், அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு 11 படுக்கை வைத்து அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை நாச்சியார், அவருடைய கணவர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கூட வந்தது. அவர்களும் கண் மருத்துவர்கள், அதே அறுவை அரங்கில் நின்றவர்கள். தப்பைத் தப்பு என்று சொல்ல உரிமையும், சொன்ன பிறகும் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காரும் உறவும் அவர்களுக்கு இருந்தன. அரவிந்தின் வெற்றிக்கு மேலாண்மைப் பள்ளிகள் நூறு காரணம் எழுதியிருக்கின்றன. தூக்கம் வராத இரவில் தட்டக்கூடிய கதவு அடுத்த அறையிலேயே இருந்ததையும் நான் அந்தப் பட்டியலில் சேர்ப்பேன்.

எல்லோருக்கும் அப்படிக் குடும்பம் அமையாது. பாதிப் பேருக்குக் குடும்பம்தான் பிரச்சினையே. ஆனால் அரவிந்த் பிறகு செய்த ஒரு வேலை கவனிக்கத்தக்கது. 1992இல் லைக்கோ என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கி, மற்ற கண் மருத்துவமனைகளை மதுரைக்கு வரவழைத்தார்கள். மருத்துவர் தனியாக வந்து கேட்டுவிட்டுப் போவதில்லை. செவிலியர், நிர்வாகி எல்லோரும் சேர்ந்து, தங்கள் மருத்துவமனையின் எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நோயாளிகள் எத்தனை, அறுவை எத்தனை, செலவு எவ்வளவு என்று விரித்து வைத்துப் பேசுகிறார்கள். தொழில் ரகசியம் என்று மூடி வைக்கக்கூடியதைப் போட்டியாளராக வரக்கூடியவரிடமே திறந்து காட்டுவது இந்தத் துறைக்கு மட்டுமே சாத்தியமான பைத்தியக்காரத்தனம். கண் தெரியாதவர்களின் எண்ணிக்கை அத்தனை பெரிது, போட்டி போட நேரமில்லை.

சுரங்கத்தில் பிறந்த முறை

ஒத்த நிலையில் இருப்பவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவதை ஒரு முறையாக்கியவர்களில் முக்கியமானவர் ரெக் ரெவன்ஸ் என்ற ஆங்கிலேயர். படித்தது இயற்பியல். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இளைஞராக இருந்தபோது, நோபல் பரிசு வாங்கிய பெரியவர்கள் தங்களுக்கு என்ன விளங்கவில்லை என்பதை மற்றவர்கள் முன்னால் சொல்வதைக் கேட்டவர். 1940களில் பிரிட்டனின் நிலக்கரித் துறையில் கல்விப் பொறுப்புக்கு வந்தபோது அது அவருக்கு ஞாபகம் இருந்தது. சுரங்க மேலாளர்களுக்குப் பாடம் நடத்தப் பேராசிரியர்களைக் கூப்பிடாமல், மேலாளர்களையே சின்னக் குழுக்களாக உட்கார வைத்தார். ஒருவர் சுரங்கத்தை இன்னொருவர் போய்ப் பார்ப்பார். ஒருவர் தன் பிரச்சினையைச் சொல்வார், மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்பார்கள். துன்பத்தில் கூட்டாளிகள் என்று பொருள் வரும் பெயரை அவர் இந்தக் குழுக்களுக்கு வைத்திருந்தார். முட்டுமரம் எப்போது சாயும், கூரை எப்போது இறங்கும் என்று பூமிக்கடியில் தெரிந்தவனுக்கு மேலே இருக்கும் நிபுணர் என்ன சொல்லிவிட முடியும்?

1997இல் மைக்கேல் யங் லண்டனில் சமூகத் தொழில்முனைவோருக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். ரெவன்ஸின் வட்டம் அந்தப் பள்ளியின் பாடமுறைக்குள் வந்து உட்கார்ந்தது. பிறகு அது இந்தியாவுக்கும் வந்தது. அதற்கு முன்பே, 1980இல் அமெரிக்கர் பில் டிரேட்டன் நம் அசோகச் சக்கரவர்த்தியின் பெயரில், சமூகத் தொழில்முனைவோருக்கு அசோகா என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். அதன் முதல் ஃபெலோ மும்பை ஆசிரியை குளோரியா டி சூசா. வேறு வேலைக்குப் போகாமல் தன் வேலையையே செய்ய மாதப்படி, அதோடு வாழ்நாள் முழுவதும் ஒரு கூட்டத்தில் இடம். மாதப்படி சில ஆண்டுகளில் நின்றுவிடும், கூட்டத்தில் இடம் நிற்கும்.

இந்தப் பெயர்களைச் சொல்லும்போதே ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த வாசல்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாவி ஆங்கிலம். பத்து நிமிடம் ஸ்லைடு காட்டிப் பேச வேண்டும். புளியைத் தரம் பிரிப்பது பற்றித் தமிழில் ஒரு மணி நேரம் பேசக்கூடிய அருப்புக்கோட்டைப் பெண் அந்த அறையில் ஊமையாகிவிடுவார். மாலை ஆறரை மணிக்குச் சென்னை ஹோட்டலில் நெட்வொர்க்கிங் சந்திப்பு என்று அழைப்பு வந்தால், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் எப்படி வருவார்? அரசின் ஸ்டார்ட்அப் டி.என். சென்னைக்கு வெளியே மதுரை, திருநெல்வேலி, ஈரோடு என்று வட்டார மையங்களைத் திறந்தது இந்த வகையில் நல்ல காரியம். அங்கே பணத்துக்குப் போகிறவர்கள் வரிசையில் முன்னாலும் பின்னாலும் நிற்பவரின் நம்பரையும் வாங்கிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

பக்கத்து ஸ்டால்

அப்படியானால் எங்கே தேடுவது? என் அனுபவத்தில் மாநாடுகளில் கிடைப்பதைவிடக் கண்காட்சி ஸ்டால்களில் கிடைப்பவர்கள் உறுதியானவர்கள். மகளிர் குழுப் பொருள்கள் விற்கும் சரஸ் மேளாவோ இயற்கை விளைபொருள் சந்தையோ, நான்கு நாள் காலை முதல் இரவு வரை பக்கத்து மேஜைக்காரரோடு இருந்தாக வேண்டும். நீங்கள் சாப்பிடப் போகும்போது உங்கள் கல்லாவை அவர் பார்த்துக்கொள்வார். உங்கள் சரக்கு எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று உங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் நாள் கூட்டம் குறைந்த மத்தியானத்தில் வரும் பேச்சு இருக்கிறதே, எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் அது வராது. எந்தக் கடை எத்தனை நாளில் பணம் தரும், எந்த அதிகாரி நேர்மையானவர், எந்தக் கூரியரில் பாட்டில் உடையும் என்று எல்லாம் வரும்.

சிறு நிறுவனத்துக்கு 45 நாளைக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதத்துக்கு வட்டியும் உண்டு, புகார் செய்ய வழியும் உண்டு. ஆனால் தனி ஆளாகப் புகார் செய்தால் ஆர்டர் போய்விடும் என்று எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். எனக்குத்தான் இப்படி நடக்கிறது, நான்தான் சாமர்த்தியம் இல்லாதவன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து ஸ்டால்காரருக்கும் அதே கடை நான்கு மாத பாக்கி வைத்திருப்பது தெரிந்த அந்த நிமிடத்தில் பணம் வந்துவிடாது. ஆனால் அன்றைக்கு இரவு தூக்கம் வரும்.

இன்னொரு உதாரணம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2018 ஜூலையில் முழு விலக்கு கிடைத்தது. நாடே கைதட்டியது. சின்ன உற்பத்தியாளருக்குச் சிக்கல் அதற்குப் பிறகுதான் புரிந்தது. விற்கும் பொருளுக்கு வரி இல்லையென்றால், வாங்கும் மரக்கூழுக்கும் பசைக்கும் பாக்கெட்டுக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்த வரி விலைக்குள்ளேயே தங்கிவிடும். இதை ஆடிட்டர் சொல்வார், ஃபீஸ் வாங்கிக்கொண்டு, புரியாத மொழியில். பாக்கெட்டுக்கு எத்தனை காசு கூடுகிறது, அதை எங்கே குறைக்கலாம் என்பதை இன்னொரு நாப்கின்காரர்தான் சொல்ல முடியும்.

தொழில் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. உண்மையில் ஒரே பொருளை ஒரே ஊரில் விற்கிற இருவர் ஒரு வட்டத்தில் வாய் திறந்து பேசுவது கஷ்டம், எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும். பொருள் வேறாகவும் நிலைமை ஒன்றாகவும் இருப்பது நல்ல கலவை. சம்பளத் தேதி எல்லோருக்கும் ஒன்றுதானே.

விவசாயத்தில் இருப்பவர்கள் இதில் நம் எல்லோருக்கும் மூத்தவர்கள். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில், 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் வைத்த விதி மிக எளிமையானது. பாரம்பரிய விதைநெல் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போ, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடு. காசு வேண்டாம். 170க்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் அப்படிக் கைமாறின. விதை கைமாறும்போது, எந்த ரகம் தண்ணீரில் நிற்கும், எது சாய்ந்துபோகும் என்ற பேச்சும் சேர்ந்து கைமாறியது. மதுரையிலிருந்து சேவா அமைப்பு கொண்டுவந்த 'நம் வழி வேளாண்மை' இதழும் இதே வேலையைக் காகிதத்தில் செய்தது. ஒரு விவசாயி கண்டுபிடித்ததை இன்னொரு விவசாயிக்கு, கண்டுபிடித்தவர் பெயரோடு சொன்னது.

பஞ்ச சூத்திரம்

சரி, நான்கு பேர் கிடைத்துவிட்டார்கள். உடனே வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். அது முதல் வாரம் கொந்தளிக்கும், இரண்டாம் மாதம் காலை வணக்கப் பூங்கொத்தாகும், ஆறாம் மாதம் கண்காட்சி போஸ்டர் ஒட்டும் சுவராகும். நான் இருக்கும் இப்படிப்பட்ட குழுக்களை எண்ணிப் பார்த்தேன், எட்டு. எதிலும் யாரும் ஒரு நஷ்டக் கணக்கைப் போட்டதில்லை.

மகளிர் குழுக்கள் ஏன் முப்பது வருடத்துக்கு மேல் நிற்கின்றன? தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரியில் தொடங்கி, 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைக்க முன்வந்தது முதல் வளர்ந்த இந்த ஏற்பாட்டுக்கு ஐந்து விதிகள் உண்டு. பஞ்ச சூத்திரம் என்றே பெயர். தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்ளுக்குள் கடன், நேரத்தில் தவணை, அன்றன்று கணக்கு. ஆள் இருபதைத் தாண்டக் கூடாது என்பதற்கே ஒரு சட்டக் காரணம் இருந்தது. பதிவு செய்யாமல் கூடித் தொழில் செய்ய அன்றைய கம்பெனிச் சட்டம் வைத்த வரம்பு அது. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும், எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்க்கிற அளவு அதுதான்.

நிறுவனர்களுக்கு அதிலும் பாதி போதும். ஆறு பேர், எட்டு பேர். மாதம் ஒரு நாள், நாளை மாற்றக் கூடாது. ஒரு கூட்டத்துக்கு ஒருவர், இரண்டு பேருக்கு மேல் தங்கள் பிரச்சினையை எடுக்கக் கூடாது. மற்றவர்கள் முதல் அரை மணி நேரம் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். நம் ஊரில் இதுதான் மிகக் கஷ்டம். வாயைத் திறந்தால் அறிவுரை வரும், நான் சொல்றதைக் கேளுங்க என்று தொடங்கும். பேங்கில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதத்துக்கு வரும், கடையை மூடினால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டாலே பாதி விடை, சொல்கிறவர் வாயிலிருந்தே வந்துவிடும். பேசியது வெளியே போகக் கூடாது. பணம் கொடுக்கிற அமைப்பைச் சேர்ந்தவர் அறைக்குள் இருக்கக் கூடாது, டீச்செலவை அவர் ஏற்றுக்கொண்டாலும். நிதியாளர் உட்கார்ந்திருக்கும் வட்டத்தில் எல்லோருடைய நிறுவனமும் சிறப்பாகத்தான் இருக்கும்.

உள்ளுக்குள் கடன் என்ற மூன்றாம் சூத்திரத்தை மட்டும் நிறுவனர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். நட்பும் கைமாற்றும் சேர்ந்தால் இரண்டும் போகும். பணத்துக்குப் பதிலாகக் கொடுக்க வேறு எவ்வளவோ இருக்கிறது. ஒப்பந்த நகல், விற்பனையாளர் நம்பர், ஒரு நாள் வண்டி, விடுப்பில் போகும் கணக்குப் பிள்ளைக்குப் பதில் தன் கணக்குப் பிள்ளை.

வட்டத்தால் முடியாததும் இருக்கிறது. ஒருவர் வாரக்கணக்கில் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, எல்லாவற்றையும் முடித்துவிடலாம் போலிருக்கிறது என்று பேசினால், அது கேள்வி கேட்கும் நேரமில்லை. 2022 முதல் இயங்கும் டெலிமனஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணை அழுத்திக் கொடுப்பது வரைதான் தோழர்களின் வேலை.

இனி, தொடக்கத்தில் ஸ்கூட்டரோடு காத்திருந்த நம் சிறுதானிய மாவுக்காரர். கூட்டம் முடிந்து பெண்கள் பாயைச் சுருட்டுகிறார்கள். மாவு மூட்டையை வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டு அவர் போனை எடுக்கிறார். போன தீபாவளிக் கண்காட்சியில் பக்கத்து மேஜையில் இருந்த சணல் பைக்காரியின் நம்பர், 'ஸ்டால் 14 அக்கா' என்று போட்டு வைத்தது.

"அக்கா, நல்லாருக்கீங்களா? ஒண்ணுமில்ல, சும்மாதான். இல்லக்கா, சும்மா இல்ல. வர்ற வியாழக்கிழமை மத்தியானம் உங்க பக்கம் வரலாம்னு இருக்கேன். அந்தத் தேங்காய் நார் தம்பியையும் வரச் சொல்லுங்களேன். ஆமா, கணக்கு நோட்டை எடுத்துட்டு வரேன். நீங்களும் உங்களுத எடுத்து வைங்க."